14 கிலோ குழந்தைக்கு எத்தனை மி.லி.? எடையை வைத்து மருந்தளவு கணக்கிடுவது எப்படி

காய்ச்சலோடு ஒரு குழந்தை வந்திருக்கிறது. எடை 14 கிலோ. பாரசிட்டமால், கிலோவுக்கு 15 மி.கி. வீதம் ஒரு வேளைக்குக் கொடுக்கச் சொல்லி ஆர்டர். கையில் இருக்கும் சிரப் பாட்டிலில் ‘5 மி.லி.யில் 250 மி.கி.’ என்று அச்சிட்டிருக்கிறது. எத்தனை மி.லி. கொடுப்பீர்கள்?

நர்சிங் படிக்க வந்தவர்களுக்கு ஆரம்பத்திலேயே இப்படி ஒரு கேள்வி வந்துவிடும். பார்த்ததும் பலருக்கு வயிற்றைக் கலக்கும். ‘எனக்குக் கணக்கே வராது சிஸ்டர்’ என்பார்கள். உண்மையில் இதில் பெருக்கலும் வகுத்தலும் தவிர ஒன்றுமில்லை. மூன்று தனித்தனிக் கேள்விகளை ஒரே மூச்சில் போட முயல்வதால்தான் குழப்பம் வருகிறது. பிரித்துப் போட்டால் பாதி பயம் போய்விடும்.

முதல் கேள்வி: இந்தக் குழந்தைக்கு எத்தனை மி.கி. வேண்டும்? 14 × 15 = 210 மி.கி. இந்தக் கட்டத்தில் பாட்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். எவ்வளவு மருந்து வேண்டும் என்பதற்கும் அது எந்தப் பாட்டிலில் இருக்கிறது என்பதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டாவது: இந்தப் பாட்டிலில் ஒரு மி.லி.யில் எத்தனை மி.கி. இருக்கிறது? 250 ÷ 5 = 50 மி.கி. இப்போது குழந்தையை மறந்துவிடுங்கள்.

மூன்றாவது: ஒரு மி.லி.யில் 50 மி.கி. என்றால் 210 மி.கி.க்கு எத்தனை மி.லி.? 210 ÷ 50 = 4.2 மி.லி. அவ்வளவுதான்.

பாடப்புத்தகங்களில் இதையே ஒரு சூத்திரமாகத் தருவார்கள்: வேண்டிய அளவை இருக்கும் அளவால் வகுத்து, அது கரைந்திருக்கும் மி.லி.யால் பெருக்கு. 210 ÷ 250 × 5, அதே 4.2 தான் வரும். சூத்திரம் தப்பில்லை. ஆனால் அதை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் அவசரத்தில் மேலே போடவேண்டியதைக் கீழே போட்டுவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ‘ஒரு மி.லி.யில் எவ்வளவு?’ என்று கேட்டுப் பழகியவர்களுக்கு அந்தக் குழப்பம் வருவது குறைவு. என் ஓட்டு இந்த வழிக்குத்தான்.

இப்போது பாட்டிலை மட்டும் மாற்றிப் பார்ப்போம். பாரசிட்டமால் சிரப் 5 மி.லி.யில் 120 மி.கி. என்ற வீரியத்திலும் வருகிறது. அப்படியானால் ஒரு மி.லி.யில் 24 மி.கி. அதே 210 மி.கி.க்கு 8.75 மி.லி. தேவைப்படும். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தோ ஒரு மி.லி.யிலேயே 100 மி.கி. கொண்டதாக இருக்கலாம். அதில் 2.1 மி.லி. போதும். ஒரே குழந்தை, ஒரே மருந்து, ஒரே ஆர்டர். ஆனால் மூன்று வெவ்வேறு மி.லி. ‘போன தடவை இந்தக் குழந்தைக்கு எட்டே முக்கால் மி.லி. கொடுத்தோம்’ என்ற நினைவில், சொட்டு மருந்து பாட்டிலில் இருந்து அதே அளவை உறிஞ்சினால் 875 மி.கி. உள்ளே போகும். வேண்டியதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். ஆகவே மருந்தளவை மி.லி.யில் நினைவு வைத்துக்கொள்ளக் கூடாது. நினைவிலும் குறிப்பிலும் மி.கி.தான் இருக்க வேண்டும். மி.லி. என்பது ஒவ்வொரு முறையும் லேபிளைப் பார்த்துப் புதிதாகப் போடவேண்டிய கணக்கு.

எடையை ஏன் பார்க்க வேண்டும் என்ற கேள்விக்குச் சுருக்கமான பதில்: உள்ளே போகும் மருந்து உடல் முழுக்கப் பரவுகிறது. பரவும் இடம் பெரிதானால் அதே அளவு மருந்து நீர்த்துப் போகும், சிறிதானால் செறிந்துவிடும். பெரியவர்கள் பலருக்கு ‘ஒரு மாத்திரை’ என்று பொதுவாகச் சொல்லிவிட முடிகிறது. குழந்தைகளில் 3 கிலோவும் உண்டு, 40 கிலோவும் உண்டு. அதோடு பச்சிளம் குழந்தையின் கல்லீரலும் சிறுநீரகமும் இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது. மருந்து வெளியேற நேரமாகும். அதனால் அவர்களுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்பதோடு, எத்தனை மணிக்கு ஒரு முறை என்பதும் மாறும்.

எடை என்ற எண்ணைப் பற்றி

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் எடை தப்பென்றால் விடையும் தப்புதான். ‘எத்தனை கிலோம்மா?’ என்று பெற்றோரைக் கேட்டு எழுதுவதைவிடக் குழந்தையைத் தராசில் ஏற்றுவது மேல். எடை இன்றைக்கு எடுத்ததாக இருக்க வேண்டும். மாதக்கணக்கில் பழைய எடை ஒரு கைக்குழந்தைக்கு உதவாது.

இன்னொரு பொறி, பவுண்டு. சில தராசுகளில் கிலோ, பவுண்டு இரண்டும் காட்டும் பொத்தான் இருக்கும். ஒரு கிலோ என்பது சுமார் 2.2 பவுண்டு. தராசு 22 என்று காட்டுகிறது, அது பவுண்டு என்று கவனிக்காமல் 22 கிலோ என்று எழுதிவிட்டால், 10 கிலோ குழந்தைக்கு எல்லா மருந்தும் இரண்டு மடங்குக்கு மேல் போகும். இதனால்தான் மருந்துப் பாதுகாப்பு வழிகாட்டிகள் எடையைக் கிலோவிலோ கிராமிலோ மட்டும் எழுதச் சொல்கின்றன. பச்சிளம் குழந்தைகளுக்குக் கிராமில் எழுதுவார்கள். 2850 கிராம் என்றால் 2.85 கிலோ.

தராசில் ஏற்ற நேரமில்லாத அவசரம் என்றால் என்ன செய்வது? அதற்கும் வழி உண்டு. ஜேம்ஸ் புரோஸ்லோ என்ற அமெரிக்க மருத்துவர் உருவாக்கிய வண்ண நாடா ஒன்றைக் குழந்தையின் தலையிலிருந்து குதிகால் வரை வைத்துப் பார்ப்பார்கள். உயரத்தை வைத்து எடையை மதிப்பிட்டு, அந்த வண்ணப் பட்டையிலேயே அவசர மருந்துகளின் அளவையும் அச்சிட்டிருப்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மதிப்பீடு மதிப்பீடுதான். குழந்தை தேறியதும் எடை பார்த்துவிட வேண்டும்.

ஒரு நாளைக்கா, ஒரு வேளைக்கா?

மாணவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இதுதான். பாரசிட்டமாலுக்கு மேலே பார்த்த 15 மி.கி. என்பது ஒரு வேளைக்கு. ஆனால் ஆன்டிபயாட்டிக் மருந்துகள் பலவற்றுக்குப் புத்தகத்தில் இருப்பது ஒரு நாள் கணக்கு. அதை வேளைகளாகப் பிரிக்க வேண்டும்.

12 கிலோ குழந்தை. அமாக்சிசிலின், கிலோவுக்கு ஒரு நாளைக்கு 45 மி.கி., இரண்டு வேளையாகப் பிரித்து. முதலில் நாள் கணக்கு: 12 × 45 = 540 மி.கி. இரண்டாகப் பிரித்தால் வேளைக்கு 270 மி.கி. பாட்டிலில் 5 மி.லி.க்கு 250 மி.கி., அதாவது மி.லி.க்கு 50. ஆக வேளைக்கு 5.4 மி.லி.

நான் படிக்கும்போது ஒரு பயிற்சித் தேர்வில் இதே மாதிரிக் கணக்கில் பிரிக்க மறந்துவிட்டு, வேளைக்கு 10.8 மி.லி. என்று எழுதினேன். டீச்சர் சிவப்பு மையில் தப்பு என்று போடவில்லை. பக்கத்தில், ‘ஐந்து நாள் மருந்துக்கு 60 மி.லி. பாட்டில் ஒன்று கொடுத்தார்கள். உன் கணக்குப்படி அது எத்தனை நாள் வரும்?’ என்று எழுதியிருந்தார். போட்டுப் பார்த்தேன். நாளைக்கு 21.6 மி.லி., மூன்று நாள்கூட வராது. சரியான அளவென்றால் நாளைக்கு 10.8, ஐந்து நாளுக்கு 54. பாட்டிலில் கொஞ்சம் மீதியும் இருக்கும். அன்றைக்கு வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது. வாய்வழி மருந்து எதுவானாலும் ‘இந்தப் பாட்டில் எத்தனை நாள் வரும்?’ என்று இப்போதும் மனசுக்குள் கேட்டுக்கொள்வேன்.

ஆர்டரைப் படிக்கும்போதே ‘ஒரு நாளைக்கு’, ‘ஒரு வேளைக்கு’ என்ற சொல்லின் அடியில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அந்தச் சொல்லே இல்லையென்றால் நீங்களாக ஊகிக்கக் கூடாது. எழுதியவரைக் கேட்க வேண்டும்.

இதோடு சேர்ந்தது இன்னொரு வகைக் கணக்கு. டாக்டர் எழுதிய அளவு பாதுகாப்பானதா என்று பார்க்கச் சொல்வார்கள். 15 கிலோ குழந்தைக்கு 250 மி.கி., 8 மணி நேரத்துக்கு ஒரு முறை என்று ஆர்டர். கேள்வித்தாளில் கொடுத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 40 மி.கி. குறைந்தபட்சம் 15 × 20 = 300, அதிகபட்சம் 15 × 40 = 600. ஆர்டர்படி 8 மணிக்கு ஒரு முறை என்றால் நாளைக்கு மூன்று வேளை, மொத்தம் 750 மி.கி. வரம்பைத் தாண்டுகிறது. இப்போது என்ன செய்வது? மருந்தைக் கொடுக்காமல் நிறுத்தி, ஆர்டர் எழுதியவரிடம் கேட்க வேண்டும். நீங்களே 200 மி.கி. என்று குறைத்துக் கொடுப்பதும் தவறுதான். அமாக்சிசிலினையே எடுத்துக்கொண்டால், சில தொற்றுகளுக்குக் கிலோவுக்கு நாளைக்கு 90 மி.கி. வரை போவதுண்டு. அவர் தெரிந்தே எழுதியிருக்கலாம், தவறியும் எழுதியிருக்கலாம். அது கேட்டால்தான் தெரியும்.

அப்புறம் உச்சவரம்பு. 80 கிலோ எடையுள்ள ஒரு பதினாறு வயதுப் பையனுக்குக் கிலோவுக்கு 15 மி.கி. பாரசிட்டமால் என்று பெருக்கினால் 1200 மி.கி. வரும். ஆனால் பெரியவர்களுக்கே ஒரு வேளைக்கு 1 கிராமுக்கு மேல் கொடுப்பதில்லை. எடைக்கணக்கு என்ன சொன்னாலும் பெரியவர் அளவைத் தாண்டக்கூடாது என்பது பெரும்பாலான மருந்துகளுக்குப் பொருந்தும். கால்குலேட்டருக்கு இது தெரியாது. உடல் பருமன் உள்ளவர்களுக்குச் சில மருந்துகளில் உண்மையான எடைக்குப் பதில், உயரத்தை வைத்துக் கணித்த எடையைப் பயன்படுத்துவார்கள். எதைப் பயன்படுத்துவது என்பது டாக்டரும் மருந்தாளுநரும் முடிவு செய்வது. எந்த எடை என்று கேட்கத் தெரிந்தால் மாணவருக்குப் போதும்.

வயலும் ஆம்பியூலும்

ஊசி மருந்து வயலில் (ரப்பர் மூடி போட்ட சின்னக் குப்பி) வரும், இல்லையென்றால் ஆம்பியூலில் (கழுத்தை உடைத்துத் திறக்கும் குப்பி) வரும். அதற்கும் அதே மூன்று கேள்விகள்தான். ஆனால் பொடியாக வரும் மருந்தில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக்கின் 1 கிராம் வயல் ஒன்றில், கரைக்கும் திரவம் 9.6 மி.லி. கலந்தால் ஒரு மி.லி.யில் 100 மி.கி. கிடைக்கும் என்று போட்டிருக்கும். 10 மி.லி. என்று சொல்லாமல் ஏன் இந்த 9.6? பொடியும் இடத்தை அடைக்கிறது. 9.6 மி.லி. ஊற்றினால் கரைந்த பிறகு மொத்தம் 10 மி.லி. ஆகிவிடும். 16 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 50 மி.கி. என்றால் 800 மி.கி., எடுக்க வேண்டியது 8 மி.லி. நீங்கள் பாட்டுக்கு 10 மி.லி. ஊற்றியிருந்தால் மொத்தம் 10.4 ஆகி, அதே 8 மி.லி.யில் 769 மி.கி.தான் இருக்கும். இங்கே வித்தியாசம் சிறியது. அடர்த்தியாகக் கரைக்கும் மருந்துகளிலும் பச்சிளம் குழந்தைகளிலும் இது பெரிதாகும். கலக்கும் அளவை ஊகிக்காமல் அந்தந்த வயலோடு வரும் தாளைப் பாருங்கள். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும்.

சில லேபிள்களில் மி.கி. என்ற சொல்லே இருக்காது. 1 சதவீதம் என்றால் 100 மி.லி.யில் 1 கிராம், அதாவது மி.லி.க்கு 10 மி.கி. 2 சதவீத லிக்னோகெயினில் மி.லி.க்கு 20 மி.கி. ஆயிரத்தில் ஒன்று என்ற அட்ரினலின் என்றால் 1000 மி.லி.யில் 1 கிராம், மி.லி.க்கு 1 மி.கி. பத்தாயிரத்தில் ஒன்று என்றால் மி.லி.க்கு 0.1 மி.கி. இவை இரண்டையும் மாற்றி எடுத்தால் நேராகப் பத்து மடங்கு தவறு. அதனாலேயே இப்போது மி.லி.க்கு இத்தனை மி.கி. என்று எழுதும் வழக்கத்துக்கு மாறி வருகிறார்கள்.

கடும் ஒவ்வாமையில் அட்ரினலினைக் கிலோவுக்கு 0.01 மி.கி. வீதம் தொடைத் தசையில் போடுவார்கள். நம் 14 கிலோ குழந்தைக்கு 0.14 மி.கி., மி.லி.க்கு 1 மி.கி. என்ற ஆம்பியூலில் 0.14 மி.லி. இதை 1 மி.லி. சிரிஞ்சில் எடுக்க வேண்டும். புள்ளி ஓரிடம் நகர்ந்தால் 1.4 மி.லி. பயம் எங்கே என்றால், 2 மி.லி. சிரிஞ்சில் 1.4 மி.லி. பார்ப்பதற்கு ரொம்பச் சாதாரணமாகத் தெரியும். கண் உறுத்தாது. ஆயிரம் மடங்கு தவறினால் சிரிஞ்சே போதாது, நீங்களே நிறுத்திவிடுவீர்கள். பத்து மடங்கு தவறு நல்ல பிள்ளை மாதிரி சிரிஞ்சுக்குள் அடங்கிவிடும்.

எழுதும்போது புள்ளிக்கு முன் பூஜ்யம் வேண்டும், புள்ளிக்குப் பின் வீண் பூஜ்யம் கூடாது என்று சொல்வது இதற்காகத்தான். ‘.5’ என்று எழுதினால் புள்ளி மங்கி 5 ஆகத் தெரியும், ‘5.0’ என்று எழுதினால் 50 ஆகத் தெரியும். மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் அமெரிக்க அமைப்பான ஜாயிண்ட் கமிஷன் 2004இல் வெளியிட்ட ‘பயன்படுத்தக் கூடாதவை’ பட்டியலில் இவை இரண்டும் இருக்கின்றன. மைக்ரோகிராம் என்பதைக் குறியீடாகச் சுருக்காமல் முழுதாக எழுதுவதும் நல்லது. அவசரக் கையெழுத்தில் அது மி.கி. மாதிரி ஆகிவிட்டால் ஆயிரம் மடங்கு.

சொட்டாக ஏறும் மருந்து

ஐ.சி.யு.வில் கிலோவுக்கு, ஒரு நிமிடத்துக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று ஆர்டர் வரும். மருந்தை ஏற்றும் பம்போ ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மி.லி. என்று கேட்கும். பயப்பட வேண்டாம், இடையில் இரண்டு படிகள் கூடுதல், அவ்வளவுதான்.

20 கிலோ குழந்தை. டோபமின், கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம். 200 மி.கி. மருந்தை மொத்தம் 50 மி.லி. ஆகக் கலந்து வைத்திருக்கிறார்கள். குழந்தைக்கு நிமிடத்துக்கு 5 × 20 = 100 மைக்ரோகிராம். மணிக்கு 100 × 60 = 6000 மைக்ரோகிராம். சிரிஞ்சில் மி.லி.க்கு 200 ÷ 50 = 4 மி.கி., அதாவது 4000 மைக்ரோகிராம். 6000 ÷ 4000 = 1.5. பம்பில் மணிக்கு 1.5 மி.லி. என்று வைக்க வேண்டும்.

60ஆல் பெருக்க மறந்தால் 0.025 வரும், அந்த வேகத்தில் மருந்து ஏறுகிறதா என்றே தெரியாது. மி.கி.யை மைக்ரோகிராம் ஆக்க மறந்தால் 1500 வரும். கையில் இருப்பதே 50 மி.லி. தான். இரண்டுமே பார்த்தவுடன் உதைக்கும் விடைகள். உதைக்க வேண்டுமென்றால் விடை சுமாராக எவ்வளவு இருக்கும் என்று முன்பே மனதில் இருக்க வேண்டும்.

அதனால் கால்குலேட்டரைத் தொடுமுன் ஒரு குத்துமதிப்பு போட்டுவிடுங்கள். நம் முதல் குழந்தைக்கே பார்ப்போம். 10 கிலோவுக்கு 150 மி.கி., 20 கிலோவுக்கு 300. 14 கிலோ இடையில், ஆக 200 பக்கம். மி.லி.க்கு 50 என்றால் நான்கு மி.லி. பக்கம். இப்போது கால்குலேட்டர் 4.2 காட்டினால் சரி. 42 காட்டினால் ஏதோ பொத்தான் தவறிவிட்டது. ஒரு வேளைக்கு அரை டஜன் ஆம்பியூல் உடைக்க வேண்டும் என்று கணக்கு சொன்னாலும் இதே சந்தேகம் வர வேண்டும்.

இடையில் எங்கும் தசமத்தை முழுமையாக்காதீர்கள்; கடைசி விடையில் மட்டும் செய்யுங்கள். அதுவும் சிரிஞ்சு அளக்கக்கூடிய அளவுக்குத்தான். 8.75 மி.லி. என்று விடை வரலாம். 10 மி.லி. சிரிஞ்சில் கோடுகள் 0.2 மி.லி. இடைவெளியில் இருந்தால் அதை அளக்க முடியாது, 8.8 என்று எடுப்பார்கள். அட்ரினலின் மாதிரி மருந்தில் இந்தத் தாராளம் கிடையாது.

இன்னொருவரைச் சரிபார்க்கச் சொல்லும்போது உங்கள் விடையைக் காட்டாதீர்கள். ‘சிஸ்டர், 0.14 சரிதானே?’ என்று கேட்டால் தலையாட்டத்தான் தோன்றும். ஆர்டரையும் லேபிளையும் எடையையும் மட்டும் கொடுத்து, ‘நீங்களும் ஒரு தடவை போடுங்கள்’ என்று சொல்லுங்கள். இரண்டு விடைகளும் தனித்தனியாக வந்து பொருந்தினால்தான் அது சரிபார்ப்பு.

பழகிப் பார்க்க இரண்டு கணக்குகள். ஒன்று: 9 கிலோ குழந்தை, கிலோவுக்கு நாளைக்கு 40 மி.கி., மூன்று வேளையாக. பாட்டிலில் 5 மி.லி.க்கு 125 மி.கி. இரண்டு: 2400 கிராம் எடையுள்ள பச்சிளம் குழந்தை, ஜென்டாமைசின் கிலோவுக்கு 4 மி.கி. ஒரு வேளைக்கு.

முதலாவதன் விடை வேளைக்கு 120 மி.கி., 4.8 மி.லி. இரண்டாவதற்கு 9.6 மி.கி. என்பது வரை சரி. மி.லி. எவ்வளவு என்று எழுதியிருந்தால், எந்த வயலை நினைத்து எழுதினீர்கள்? மி.லி.க்கு 10 மி.கி. உள்ளதில் அது 0.96 மி.லி. மி.லி.க்கு 40 மி.கி. உள்ளதில் 0.24. கேள்வியில் நான் லேபிளைச் சொல்லவே இல்லை.